எட்டு என்றால் நான்கு எழுத்து

நம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இரண்டு கொம்பு வைத்த ஒரு கருநீலப் பெட்டி இருக்கிறது. போன மாதம் வெள்ளையடித்தபோது நீங்கள் இரண்டு பேரும் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. காரணத்தை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பெரியவன் பாதியில் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். சின்னவளுக்குக் கையால் சொல்லி முடிக்க என் கைப்பேச்சு போதாது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்கு ரூட்டர் என்று பெயர். டெலிபோன் கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டை வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பது. ஆம்பூரில் பிராட்பேண்ட் வந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போவது பழகிப்போயிருந்த காலம்.

உங்கள் அம்மா அதுவரை வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தாள். வளைகுடாவில் வேலை கிடைத்து, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனாள். அப்போது பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. சித்தி பக்கத்துத் தெருவில் இருந்ததால் நான் தோல் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வரும்வரை உங்களைப் பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் குறை இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அம்மா எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்று பெரியவனிடம் சொல்ல முடிந்தது. சின்னவளுக்குப் பிறந்ததில் இருந்தே காது கேட்காது. பள்ளியில் அப்போதுதான் உதடு பார்த்து எழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நமக்கென்று சில கைகள் இருந்தன. மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தால் அம்மா, நாடி பார்ப்பவள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் அப்பா, தோலைத் தொட்டுக் கனம் பார்ப்பவன். காதைத் திருகினால் அண்ணன், அம்மாவிடம் அவன் தினமும் வாங்கியது அது. விமானத்துக்கு ஒரு கை இருந்தது. வெளிநாட்டுக்கு இல்லை. இரண்டு வருஷத்துக்கும் இல்லை.

எங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அம்மாவுக்கும் அங்கே வெள்ளிதான் லீவு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் போன் செய்வாள். பெரியவன் பேசுவான், பிறகு நான் பேசுவேன். சின்னவள் எங்கள் வாயையும் ரிசீவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை அவள் காதில் ரிசீவரை வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எச்சில் பட்டதைத் துடைக்கிற மாதிரி பாவாடையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் கிட்டவே வரமாட்டாள்.

நாலைந்து மாதம் கழித்து அம்மா தபாலில் ஒரு போட்டோ அனுப்பினாள். வெள்ளை யூனிபார்மில், சிரித்த முகமாக. அதைச் சட்டம் போட்டு மேஜைமேல் வைத்தேன். மறுநாள் வேலையில் இருந்து வந்து பார்த்தால் போட்டோ மேஜையில் இல்லை. சுவரில் தாத்தா போட்டோவுக்குப் பக்கத்தில் காலண்டர் மாட்டியிருந்த ஆணி ஒன்று உண்டு. நாற்காலி போட்டு ஏறி, காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, சின்னவள் அம்மாவை அந்த ஆணியில் மாட்டியிருந்தாள்.

தாத்தா முந்தின வருஷம்தான் இறந்திருந்தார். நம் வீட்டுச் சுவரில் வேறு யாருடைய போட்டோவும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு என்று காரில் ஏறிய தாத்தா பிறகு சுவரில்தான் வந்தார். அம்மாவும் காரில் ஏறித்தான் போனாள்.

நான் போட்டோவைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் காட்டிவிட்டு, தாத்தாவைச் சுட்டிக் காட்டினாள். கேட்கிறாளா, எனக்குச் சொல்கிறாளா என்று புரியவில்லை. இல்லை இல்லை என்று தலையாட்டினேன். அம்மா இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். இருக்கிறாள் என்பதற்கு எங்களிடம் கை இல்லை. மறுநாள் போட்டோ மறுபடியும் ஆணியில் தொங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை இதை அம்மாவிடம் சொன்னேன். அங்கே எல்லாரும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிறார்களாம், நாமும் பேசலாம் என்றாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பாய் முன்பு எங்கள் கம்பெனி ஷிப்பிங் பிரிவில் இருந்தவர், என் தோஸ்த். அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேற்றிக் கொடுத்தார். கேமரா வந்தது, பிராட்பேண்ட் வந்தது, அந்தக் கருநீலப் பெட்டியும் வந்தது. அம்மா அங்கே கேமரா வைத்த லேப்டாப் வாங்கினாள். முதல் வெள்ளியில் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. அவள் தங்கியிருந்த நர்ஸுகள் ஹாஸ்டலில் வலைப்பக்கம் பார்க்கலாம், மெயில் பார்க்கலாம். அதற்குமேல் எல்லாம் அடைப்பு.

பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இன்னா தோஸ்த், இதுக்கா பேஜார் ஆவுற? உன் வூட்டுப் பெட்டியையே ஏஜென்டா வச்சுக்க. உன் சம்சாரம் நேரா வெளிய போவக் கூடாது. உன் பெட்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டின லாரி மாதிரி ஒரு லைன் வரணும். உள்ள இன்னா சரக்குன்னு வழியில எவனுக்கும் தெரியாது. உன் வூட்ல வந்து தார்ப்பாய அவுத்து, இங்க இருந்து வெளிய போவும்."

இதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். தார்ப்பாய் என்றதும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"கள்ளக்கடத்தலாங்க இது? நாட்றம்பள்ளி செக்போஸ்ட்ல மாட்டின கதையா ஆயிடப் போவுது. நான் ஆபீஸ்ல கேக்காம எதுவும் செய்யமாட்டேன்."

கேட்டாள். ஹாஸ்டல் ஆபீஸில் இருந்த அம்மாள் நம் பக்கத்து ஊர்க்காரி இல்லை, ஆனால் நல்லவள். எல்லாரும் சினிமா இறக்கி லைனை அடைக்கிறார்கள், அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம், குழந்தையைப் பார்க்க வாரம் அரை மணி என்றால் ஆட்சேபணை இல்லை, ஆனால் வழியை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், உங்கள் அம்மா அனுமதி வாங்கிவிட்டுத்தான் தொட்டாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வழியை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. பெட்டியோடு வந்த புரோகிராமுக்கு இந்த ஏஜென்ட் வேலை தெரியாது. அதை அழித்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வேறு ஒன்றை ஏற்ற வேண்டும். பாய் முப்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். நான் டிக்ஷனரியோடு கம்பெனிக்கு எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். தோல் சுற்றும் டிரம்முக்குத் தண்ணி திறக்கிறவன், இன்னா அண்ணே, டெஸ்ட் எழுதி மேனேஜர் ஆவப் போறீங்களா என்று கேட்டான். ஒரு பக்கம் படிக்க இரண்டு நாள் ஆனது. முப்பதில் பதினொரு பக்கம்தான் நமக்கு வேண்டியது என்று கடைசியில்தான் தெரிந்தது.

புரோகிராம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான் என்று பாய் எச்சரித்திருந்தார். எங்கள் பகுதிக்குப் பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்கு வரும். ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஃபேன் சுற்றியதும் ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷமும் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. செத்தது என்று நினைத்தேன். பிறகு தானே எரிந்தது.

இன்னொரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் இன்டர்நெட்டில் நம் வீட்டு நம்பர் மாறிவிடும். அம்மா பழைய நம்பரைத் தட்டினால் யார் வீட்டுக் கதவோ தட்டப்படும். அதற்கு ஒரு பெயர் பதிந்துவைத்தார் பாய். நம்பர் மாறினாலும் பெயர் மாறாது, பெட்டியே புது நம்பரைப் பதிந்துகொள்ளும். லைன் நுழைகிற கதவுக்கும் ஒரு எண் உண்டு. பாங்குப் பக்கம் மாதிரி ரகசியமாகப் போகும் வலைப்பக்கங்களின் கதவு எண்ணையே நம் லைனுக்கும் வைத்தோம், அது ஹாஸ்டலில் திறந்திருந்ததால்.

மிச்சம் இருந்தது பாஸ்வேர்ட். பேர் வைக்காதே, பிறந்த நாள் வைக்காதே, எழுத்தும் எண்ணும் கலந்து வை என்றார் பாய். எனக்கு மறக்காமல் இருக்க வேண்டும். அப்போது எட்டாம் லாட், அதாவது எட்டாவது கட்டு நப்பா என்கிற மிருதுவான தோல், டிரம்மில் ஓடிக்கொண்டிருந்தது. நப்பா, எட்டு, டிரம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு சீட்டில் எழுதி, பெட்டியிலும் அப்படியே டைப் செய்தேன்.

எங்கள் வேலையில் எட்டு எப்படி இருக்கும் என்று இங்கே சொல்ல வேண்டும். பச்சைத்தோல் வந்ததும் எந்த லாட் என்று வால் பக்கத்தில் அடையாளம் போடுவோம். மையால் எழுதினால் சுண்ணாம்பில் ஒரு நாள் ஊறியதும் போய்விடும். அதனால் உளியால் வெட்டுவோம். வெட்டு சுண்ணாம்பு, அமிலம், குரோம் எல்லாவற்றையும் தாண்டி நிற்கும். ஆனால் உளி நேராகத்தான் வெட்டும், வளையாது. வளைவு இல்லாத எண் ரோமன் எண்தான். ஐந்துக்கு ஒரு வி, ஒன்றுக்கு ஒரு கோடு. எட்டு என்றால் VIII. பதினாறு வருஷம் நான் அதைத்தான் வெட்டினேன். லாட் சீட்டிலும் அப்படித்தான் எழுதுவேன். பாஸ்வேர்ட் சீட்டிலும் அப்படித்தான் எழுதினேன். அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

பாயின் சென்டரில் போய் உட்கார்ந்து, வெளியில் இருந்து நம் வீட்டுப் பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் தடவையே திறந்தது. பாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வெள்ளி அம்மாவுக்குப் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். என், ஏ, ரெண்டு பி, ஏ. எட்டு. டி, ஆர், யூ, எம். அவள் திருப்பிச் சொன்னாள், நப்பா எட்டு டிரம். சரி என்றேன். அனுமதி இல்லை என்று இங்கிலீஷில் வருகிறது என்றாள். மறுபடி சொன்னேன், மறுபடி அனுமதி இல்லை. ஹாஸ்டல்காரர்கள்தான் அனுமதி மறுக்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். பாய் மட்டும் பாஸ்வேர்டில் தப்பு இருக்குமா என்று கேட்டார். என் வாயாலேயே எழுத்தெழுத்தாகச் சொன்னேன் பாய், இங்கே உங்க கண்ணு முன்னாடி திறந்துச்சு இல்ல என்று அவரை அடக்கிவிட்டேன்.

இரண்டாவது வெள்ளியும் அதே கதை. மூன்றாவதும் அதே. கதவு எண்ணை மாற்றிப் பார்த்தேன். புரோகிராமை அழித்துத் திரும்ப ஏற்றினேன், பாஸ்வேர்டை மட்டும் மாற்றவில்லை. அம்மா இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் எனக்காக உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது வெள்ளியன்று அவளுக்குக் கோபம் வந்தது.

"படிச்சவங்க செய்யற வேலைங்க இது. நமக்கு வராது, வுடுங்க. லீவுல வந்து நேர்ல பாத்துக்கறேன்."

லீவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து ஆணியும் போட்டோவும் தெரிந்தன. அப்போதெல்லாம் சின்னவள் அம்மாவுக்கான கையைக் காட்டுவதையே விட்டிருந்தாள். பள்ளிக்குக் கிளம்பும்போது தாத்தா படத்தைத் தொட்டுக் கும்பிடுவாள், பிறகு பக்கத்துப் படத்தையும்.

இன்னும் ஒரே ஒரு வெள்ளி என்று கேட்டு வாங்கினேன். நான்காவது வெள்ளி, ஐந்து மணி. ஒரு கையில் ரிசீவர். மேஜையில் சீட்டு. தப்பு வரக்கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். சின்னவள் பள்ளியில் இருந்து வந்து மேஜை விளிம்பில் தாடையை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் போனில் அக்கறை இல்லை. என் விரலும் வாயும் அவளுக்கு வேண்டும். பள்ளியில் டீச்சர் ஒரு எழுத்தைத் தொடுவார், ஒரு தடவை வாயை அசைப்பார். அந்தப் பாடம் வீட்டிலும் நடக்கிறது என்று நினைத்திருப்பாள்.

என், ஏ, பி, பி, ஏ என்று வந்தேன். எட்டு என்று சொல்லி, அந்த நான்கு எழுத்தின் மேல் விரலை ஒரே இழுப்பாக இழுத்தேன். அவள் தன் கையை என் விரல்மேல் போட்டு நிறுத்தினாள். நான் தள்ளிவிட்டேன். மறுபடியும் நிறுத்தினாள். பைக்குள் கைவிட்டுப் பென்சிலை எடுத்து, வி-க்கு அடியில் ஒரு புள்ளி, ஒவ்வொரு கோட்டுக்கு அடியிலும் ஒரு புள்ளி, ஆக நான்கு புள்ளி வைத்தாள். பிறகு என் உதட்டைத் தொட்டு ஒற்றை விரலைக் காட்டினாள். நான்கு எழுத்துக்கு ஒரு வாயா என்று கேட்டாள். டீச்சரிடம் இப்படிச் சேர்த்துப் படித்தால் அடி விழும் என்கிற முகம்.

எனக்கு அப்போதும் உடனே உறைக்கவில்லை. போனில் அம்மா, லைன்ல இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எட்டுன்னு இன்னா அடிக்கிற?" என்று கேட்டேன்.

"எட்டுன்னா எட்டு. எட்டாம் நம்பர்."

"நம்பர் இல்ல. வி, ஐ, ஐ, ஐ. எல்லாம் பெரிய எழுத்து."

அவள் தட்டாமல் கேட்டாள்.

"ஏங்க, எட்டை யாராவது அப்படி எழுதுவாங்களா?"

"நாங்க எழுதுவோம்."

"மாட்டுத் தோல்ல எழுதுங்க. எனக்கு ஏன் எழுதறீங்க" என்றாள். ஆனால் சொல்லிக்கொண்டே தட்டினாள். தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, திறந்துடுச்சு என்று மெதுவாகச் சொன்னாள்.

படம் வர இன்னும் பத்து நிமிஷம் ஆனது. தீப்பெட்டி அளவுதான் இருந்தது. முதலில் ஒரு மின்விசிறி, அப்புறம் ஒரு கழுத்து, அப்புறம் அம்மா. நைட்டியில் இருந்தாள், தலை வாரவில்லை. பெரியவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். சின்னவள் அசையவில்லை. திரையைப் பார்த்தாள், சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்ச் சுவருக்கும் மேஜைக்கும் நடுவே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு முன்னால் வந்து நின்று வலது கையைத் தூக்கினாள். நம் லைன் மெதுவானது, ஒரே குழாயில் அம்மா படம் பெட்டிக்கு வந்து, வெளியே போய், மறுபடி நம் கம்ப்யூட்டருக்கு வர வேண்டும். நாலைந்து விநாடி கழித்து அம்மாவும் கையைத் தூக்கினாள். சின்னவள் நாக்கை நீட்டினாள். அம்மாவும் நீட்டினாள். தாத்தா போட்டோ ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. சின்னவள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, திரையைச் சுட்டிக் காட்டி, உள்ளங்கையை விரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

அம்மா வேகமாக ஏதோ காட்டினாள். படத்தில் கை கரைந்து வெள்ளையாக ஓடியது, ஒன்றும் தெரியவில்லை. மெதுவா, மெதுவா என்று நான் போனில் சொன்னேன். அப்போது அவள் தன் மணிக்கட்டை கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து, அதில் இரண்டு விரலை வைத்து, அசையாமல் பிடித்தாள். படம் தெளிந்தது. பிறகு அந்த விரலை நாடி துடிக்கிற கணக்கில் தூக்கித் தூக்கி வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆஸ்பத்திரியில் எண்ணுகிற மாதிரி எண்ணினாள்.

சின்னவள் தன் மணிக்கட்டில் விரல் வைத்துத் தன்னுடையது துடிக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து என்னுடையதையும் பார்த்தாள். பெரியவனுடையதையும் பார்த்தாள். அவன் ஓடிவந்ததில் அது வேகமாக அடித்திருக்கும், அவனை முறைத்தாள். கடைசியில் திரையில் இருந்த அம்மாவைப் பார்த்து, தன் விரலை அதேபோலத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

நம் வீட்டில் 'இருக்கிறேன்' என்பதற்கு இன்றைக்கும் நாம் காட்டும் கை அதுதான். எங்கிருந்து வந்தது என்று பெரியவனின் மனைவி ஒருநாள் கேட்டாள். நீங்கள் இரண்டு பேரும் தெரியாது என்றீர்கள். அங்கிருந்துதான் வந்தது.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது ஆணியில் காலண்டர் தொங்கியது, கொஞ்சம் கோணலாக. போட்டோவைத் தேடினேன். சட்டத்தில் இருந்து எடுத்து, நாலாக மடித்து, பள்ளிப் பையில் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தாள். மடித்த இடத்தில் அம்மாவின் மூக்கு வெடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா திரும்பி வரும்வரை வெள்ளிதோறும் அந்தப் பெட்டி வேலை செய்தது. இப்போது அதற்கு வேலை இல்லை, எனக்கும் தெரியும். வேண்டுமானால் போட்டுவிடுங்கள். ஆனால் அடியில் டேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதைக் கிழியாமல் எடுத்துவிட்டுப் போடுங்கள். என் எட்டுக்கு அடியில் சின்னவள் வைத்த நான்கு புள்ளி அதில் இருக்கிறது.